எட்டுக் குடம்

குழாயில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரையிலிருந்து வந்த அதிகாரிகள் மூன்று பேரும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "பதினோரு வருஷமா ஒரு விரற்கடை கூட வித்தியாசம் இல்லையாமே மேடம், நிஜமா?" நிஜம்தான். மெதப்பூரில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு, நானூற்றுப் பன்னிரண்டு தொட்டி. எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் போய்த் தொட்டியின் மட்டக்கண்ணாடியைப் பாருங்கள். தண்ணீர் ஒரே கோட்டில்தான் நிற்கும். இதே ஏற்பாட்டை இன்னும் அறுபது மிதவையூர்களில் செய்யப் போகிறார்களாம். அதற்கு நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். 'இந்த முறை நீடிக்கும்' என்று ஒரே ஒரு வரி, அதன் கீழே என் பெயர்.

தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் வில்லாயுதம் செத்துப்போனான். அதற்கப்புறம் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

மெதப்பூரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடல் ஏறி வந்து ஆறு ஊரை விழுங்கியபோது, மிச்சமிருந்த சனங்களைக் கான்கிரீட் மிதவைகளில் ஏற்றி, மிதவையோடு மிதவையைப் பிணைத்து, இதுதான் இனி உங்கள் ஊர் என்றார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. முதல் நான்கு வருஷம் குடிதண்ணீர் மங்களேஸ்வரன் கையில் இருந்தது. தண்ணீர்ப் படகு அவரிடம் மட்டும்தான். ஒரு குடத்துக்கு ஒரு வளையல், இரண்டு குடத்துக்கு ஒரு வலை, பத்துக் குடத்துக்குப் படகு எஞ்சினையே கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. கடைசியில் கீழ்மிதவையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நா வறண்டு செத்த அன்றைக்குச் சனம் திரண்டு போய் அவருடைய பெரிய தொட்டியை உடைத்துவிட்டது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்கும் ஆலை ஒன்று போட்டுத்தர அரசாங்கம் என்னை அனுப்பியது அப்போதுதான்.

ஆலையில் ஊருக்கே போதுமான தண்ணீர் வரும், பங்கு போடுவது யார் என்று ஊர்க் கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். யாரும் வேண்டாம் என்றேன். நான் செய்தது ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிற சமாச்சாரம். இரண்டு பாத்திரத்தை அடியில் ஒரு குழாயால் இணைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதையே நானூற்றுப் பன்னிரண்டு தொட்டிக்குச் செய்தேன். ஒரு தலைக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர். அவ்வளவு பிடித்ததும் வீட்டுக் குழாய் தானாக நின்றுவிடும். சீக்காளி உள்ள வீட்டுக்குத் தேவைப்படுகிற அளவு கூடுதல். தெரிந்தவன், தெரியாதவன், வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே கிடையாது.

அந்தக் குழாய்களைப் பூட்டியவன் வில்லாயுதம். அப்போது முப்பத்தைந்து வயது, கை வைத்த இடத்தில் கசிவு வராது. நான் படம் போட்டுக் கொடுத்தால் போதும், மிதவைக்கு அடியில் மூச்சடக்கி இறங்கி முடித்துவிட்டு வருவான். கடைசி இணைப்பை முடுக்கும்போது பைப் ரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எக்கா, நெசமாவே இத யாரும் ஏமாத்த முடியாதா?"

"காசு கொடுத்து ஆளை மாத்தலாம். மட்டத்தை எப்படிடா மாத்துவான்?"

"மங்களம் அண்ணாச்சி வீட்டுலயும் இதே மட்டந்தானா?"

"இதே மட்டந்தான். வேணும்னா போய்ப் பார்த்துட்டு வா."

நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முடுக்கினான். முடுக்கிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். நா வறண்டு செத்தவள் அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி. அந்த வாரமே அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணத்துக்குப் பெண் பிறந்தது. பூங்கோதை என்று பெயர் வைத்தது நான்தான். இந்தப் பிள்ளை தாகம் தெரியாமல் வளரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயைக் கழுவ வேண்டும் எனக்கு.

நான் ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. குடம். தொட்டியில் இருப்பது ஊருக்குப் பொது, குழாயைத் திறந்து குடத்தில் பிடித்தபின் அவரவர் பாடு. குடித்தால் என்ன, குளித்தால் என்ன, செடிக்கு ஊற்றினால் என்ன, அது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன்.

கரையில் இருந்த காலத்தில் இவர்கள் விசேஷ வீட்டுக்கு மொய் செய்தார்கள். இங்கே வந்தபின் காசுக்கு மதிப்பில்லாமல் போனதால் தண்ணீரை மொய்யாக வைக்க ஆரம்பித்தார்கள். காதுகுத்தா, ஒரு குடம். சடங்கா, ஒரு குடம். மஞ்சள் குங்குமம் வைத்து, வாயில் மாவிலை செருகி, தலையில் சுமந்து வருவார்கள். வாசலில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மேமிதப்பு அங்குராசு, ஒரு கொடம்!" என்று மிதவைப் பெயரோடு கூவுவான். எழுதுவது கிடையாது. ஊரே காதால் கேட்டபிறகு எழுத்து எதற்கு? அடுத்து அங்குராசு வீட்டு விசேஷத்துக்கு அந்த ஒரு குடத்தோடு மேலே ஒரு செம்பாவது சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவன் வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். முதல் இரண்டு வருஷம் நானும் இதை ரசித்தேன். சனங்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று அறிக்கையில்கூட எழுதினேன்.

மங்களேஸ்வரன் திருடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். திருடியிருந்தால் ஒரு வால்வைப் பூட்டிக் கதையை முடித்திருப்பேன். அந்த மனுஷனும் பெண்டாட்டியும் மூன்று மகன்களும் இரண்டு வருஷம் கடல்நீரில்தான் குளித்தார்கள். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, சொறி பிடித்து, அப்படி மிச்சம் பிடித்தார்கள். ஊரில் எந்த விசேஷமானாலும் எல்லோரும் ஒரு குடம் கொண்டுபோனால் அவர் இரண்டு கொண்டுபோனார். சனத்துக்கு ஒரே பூரிப்பு. நாம் தொட்டியை உடைத்தும் அண்ணாச்சி மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லையே என்று உருகினார்கள். பிறகு தன் பேத்திக்குக் காது குத்தினார். இரண்டு வாங்கியவன் மூன்றோடு போனான். ஒரே நாளில் ஆயிரம் குடத்துக்கு மேல் வந்து இறங்கியது. அந்தத் தண்ணீரில் ஐஸ் போட்டார். ஐஸ் இருந்ததால் மீன் பிடித்தவனெல்லாம் அவரிடம் வந்து நின்றான். மறுபடி ஊர் விசேஷங்களுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று கொண்டுபோனார். பதினோராம் வருஷத்தில் கமிட்டியில் ஒன்பது பேரில் ஏழு பேர் அவருடைய ஆட்கள். அவர் வீட்டு மட்டக்கண்ணாடியிலும் தண்ணீர் அதே கோட்டில்தான் நிற்கிறது. அதிகாரிகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் கமிட்டியில் நான் எழுந்து தண்ணீர் மொய்யைத் தடை செய்யுங்கள் என்றேன். சிரித்தார்கள். ஆம்பிளைகளை விடுங்கள், பெண்கள்தான் என் மேல் பாய்ந்தார்கள். முன்வரிசையில் பஞ்சவர்ணம்.

"ஏக்கா, எங்க மாமியா செத்து, எங்கய்யா செத்து, ஒரே மாசத்துல ரெண்டு எழவு விழுந்துச்சுல்ல. அப்ப ஒங்க குழாயா வந்து எங்க வாசல்ல நின்னுச்சு? மனுசங்கதான வந்தாக? செய்மொறைய நிப்பாட்டச் சொன்னா நாங்க மனுசரா, இல்ல தொட்டியா?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மொய்யில்தான் எளியவன் கல்யாணம் முடித்தான், கருமாதி முடித்தான். அதே மொய்யில்தான் அவன் கழுத்தில் சுருக்கும் விழுந்தது. இரண்டும் ஒரே குடத்தில் இருப்பதை எப்படிப் பிரித்து எடுத்துக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லாயுதத்துக்குச் சிறுநீரகம் பழுதானது அதற்கு மறு வருஷம். டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றை அலைந்து திரிந்து கரையிலிருந்து வாங்கி வந்து அவன் வீட்டிலேயே வைத்தேன். வாரம் மூன்று தடவை, ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் நல்ல தண்ணீர். எங்கள் குட அளவில் எட்டுக் குடம். அந்த எட்டுக் குடமும் சீக்காளிப் பங்காக அவன் வீட்டுக்குப் போய்விடும், ஒருவரும் முனக முடியாது. இதற்காகத்தானே இந்த ஏற்பாட்டையே செய்தேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தத் தண்ணீரை அவன் மொய்யில் வைப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இந்த வருஷம் தையில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை, இயந்திரத்தை ஓட்டாமல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து விசேஷ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தெரிந்ததும் போய்க் கத்தினேன். கத்தியது போதாதென்று, குழாய் நேராக இயந்திரத்துக்குள் போகும்படி, நடுவில் குடம் வைக்கவே வழியில்லாமல், நானே ஒரு தனி இணைப்புப் போட்டு இறுக முடுக்கிவிட்டு வந்தேன்.

ஆவணி வந்தது. ஏழு முகூர்த்தம். ஏழாவது மங்களேஸ்வரனின் கடைசி மகனுக்கு, வியாழக்கிழமை காலை. முந்தின நாள் புதன்கிழமை பத்து மணிக்கு ஆலையில் விளக்குப் பலகையைப் பார்க்கிறேன். வில்லாயுதம் வீட்டு இயந்திரம் ஓடும்போது எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

வாசலில் எட்டு எவர்சில்வர் குடம் வரிசையாக இருந்தது. பஞ்சவர்ணம் குனிந்து ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். உள்ளே போனால் நான் போட்ட இணைப்பு இரண்டாகக் கழன்று கிடக்கிறது, பக்கத்தில் பைப் ரிஞ்ச். கட்டிலில் வில்லாயுதம் உட்கார்ந்திருந்தான். முகமும் காலும் வீங்கியிருந்தன.

"யார்டா கழட்டினது?" என்றேன்.

"நாந்தேன். நீங்க முடுக்குனா எனக்குக் கழட்டத் தெரியாதாக்கா? ஒங்களுக்கு முடுக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்" என்று சிரித்தான் படுபாவி.

"சிரிக்காதே. திங்கக்கிழமை ஓட்டினது. இன்னிக்கு விட்டா வெள்ளிக்கிழமை. நடுவுல நாலு நாளு. உன் ரத்தத்துல இருக்கிற விஷத்தை யார் எடுப்பா, மங்களேஸ்வரனா?"

"ரெண்டு தடவ விட்டேன்ல, ஒண்ணும் ஆகலையே. இந்த ஒரு தடவதான்க்கா. பூங்கோத காதுகுத்துக்கு அண்ணாச்சி ஏழு கொடம் வச்சாரு. ஊரே கேட்டுச்சு. நாளைக்கு நான் எட்டு வைக்கலன்னா மைக்குல எம்பேரக் கூப்புட்டு, வெறுமன நிப்பாட்டுவான். நா நின்னுக்கிருவேன். நாளைக்கு எம்மக பெரிய மனுசியானா வாசல்ல யாருக்கா வந்து நிப்பா?"

"உன் மகளுக்கு அப்பன் வேணாமாடா?"

வாசலிலிருந்து பஞ்சவர்ணம்தான் பேசினாள்.

"நான் கும்புட்டு அழுது பாத்துட்டேன்க்கா. கேக்க மாட்றாரு. நீங்க மட்டும் சொல்லுறீகளே, நாங்க என்ன, ஆசப்பட்டா செய்றோம்?"

"சரி, என் வீட்டுத் தண்ணியை எடுத்துக்கோ. பிளாண்ட்டுக்குன்னு ஆறு குடம் சேர்த்து வச்சிருக்கேன், நேத்தும் இன்னிக்கும் எனக்கு வந்த பங்கு சேர்ந்தா எட்டு ஆயிடும். அதை வச்சு மிஷினை ஓட்டு."

வில்லாயுதம் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம்க்கா. ஒங்ககிட்ட வாங்கக் கூடாது."

"ஏன், என் தண்ணியில முள்ளா இருக்கு?"

"அதுக்கில்ல. ஒங்களுக்குக் கல்யாணமில்ல, காச்சியில்ல. புள்ளகுட்டியில்ல. ஒங்க வீட்டுல ஒரு விசேசம் வரப்போறதுமில்ல. வாங்கினா நான் அத எப்ப, எங்கிட்டு வந்து திருப்பிச் செய்வேன்? காலத்துக்கும் எந்தலையில நிக்கும்க்கா."

பதினோரு வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னிடமிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஏன் வாங்கியதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கல்யாணப் பந்தலுக்குப் போனேன். அழைப்பு இருந்தது, ஆனால் நான் போனது சண்டைக்கு. தாலி கட்டி முடிந்திருந்தது. வாசலில் குடங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. "கீழ்மிதப்பு பிட்டர் வில்லாயுதம், எட்டுக் கொடம்!" என்று மைக் கத்தியது. மச்சான்மார் இரண்டு பேர் குடங்களை இறக்க, வில்லாயுதம் வெள்ளைச் சட்டையும் வீங்கிய காலுமாக நிமிர்ந்து நின்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மங்களேஸ்வரன் முன்னால் போய் நின்றேன்.

"இந்த எட்டுக் குடமும் அவன் உயிர். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

எழுபது வயது ஆள், சட்டையில்லாத மேனியில் சந்தனம், முகத்தில் கோபமே இல்லை.

"உக்காருத்தா எஞ்சினியரு. மொதல்ல சாப்புடு."

"எனக்குச் சாப்பாடு வேண்டாம். பதில் சொல்லுங்க. உடைச்ச தொட்டியை இப்படிக் குடம் குடமா ஊர்த் தலையில கட்டியிருக்கீங்களே, வெட்கமா இல்லை?"

"நான் யாரையாச்சும் கொண்டான்னு கேட்டனா? ஏம்ப்பா, நீங்க சொல்லுங்க, வாயத் தொறந்து கேட்டனா?" கூட்டத்தைப் பார்த்தார். "நான் குடுத்தேன். குடுக்குறது தப்பாத்தா? ஒன்னயப் போல ஒரே மட்டத்துல நிறுத்த எனக்குத் தெரியாது. எனக்குக் குடுக்கத்தேன் தெரியும். படகு வச்சிருந்த காலத்துல இதே சனம் எம்மொகத்துல காறித் துப்புச்சு. இப்ப காலத் தொட்டுக் கும்புடுது. நான் என்ன மந்திரமா பண்ணேன்?"

பிறகு திரும்பி மகன்களிடம், "டேய், வில்லாயுதம் கொண்டாந்த எட்டுக் கொடத்தையும் தூக்கி வண்டில வை. மேல ரெண்டு சேத்து வை. தம்பி வீட்டுக்குக் கொண்டுபோயி எறக்கிட்டு வாங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தள்ளுவண்டி வந்தது. முதல் குடத்தைத் தூக்கப் போனவன் கையை வில்லாயுதம் பிடித்துக்கொண்டான்.

"வைங்க கீழ." நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "அண்ணாச்சி, வச்ச மொய்யத் திருப்பி எடுத்துட்டுப் போறவன் எங்கூட்டுல பொறக்கல." என் பக்கம் திரும்பினான். அவன் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. "ஊருக்கு முன்னால என்னயப் பிச்சக்காரன் ஆக்கிட்டீகளேக்கா."

"உன்னைக் காப்பாத்தத்தானே கத்துறேன், முட்டாளே!"

"யாரு கத்தச் சொன்னா?"

"அப்படின்னா செத்துத் தொலை!" என்றேன். சொன்னேன். நானூறு வீட்டுச் சனம் கேட்க, கல்யாணப் பந்தலில் வைத்து, இந்த வாயால் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் போய் அந்த இணைப்பை மறுபடி முடுக்கிவிடலாம், போகிறபோக்கில் ஒரு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று கருவிப்பையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழரைக்கே சங்குச் சத்தம் கேட்டது.

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மங்களேஸ்வரன் மேலா? அவர் குடத்தைத் திருப்பிக் கொடுத்தாரே, எல்லோரும் பார்த்தார்களே. பஞ்சவர்ணம் மேலா? பங்கு போட்ட ஆளின் மேல் வைக்கலாம் என்றால் நான்தான் ஆளே வேண்டாம் என்றவள். வில்லாயுதத்தின் மேல்தான் வைக்க முடிந்தது. பாவி, உன் தங்கச்சி ஒரு செம்புத் தண்ணீர் இல்லாமல் செத்தாள், நீ நூற்றிருபது லிட்டரை வாசலில் வைத்துவிட்டுச் செத்தாயே என்று என் அறைக்குள் நின்று கத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

பதினோரு மணிக்கு நீர்மாலை. செத்தவரைக் குளிப்பாட்ட உறவுமுறையெல்லாம் வெள்ளைத்துணிப் பந்தல் பிடித்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவரும் சடங்கு அது. கரையில் இருந்தபோது ஆற்றிலிருந்து மொண்டு வருவார்களாம், ஏழெட்டுக் குடம் வந்தாலே பெரிது. இங்கே சொந்தக்காரன், பங்காளி, பிடித்தவன், பிடிக்காதவன் என்று ஊரே கொண்டுவந்தது. அவன் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் திரும்பி வந்தது. சாவுக்குப் பறை அடிப்பது நிற்கும் இடைவெளியில் மைக் கூவிக்கொண்டே இருந்தது. ஒரு குடம். இரண்டு குடம். ஒரு குடம். மங்களேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார், நிஜமான கண்ணீர்தான். "மேமிதப்பு மங்களேஸ்வரன், பத்துக் கொடம்!"

வில்லாயுதத்தை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் தலையிலிருந்து வழிந்து, தெள்ளத்தெளிந்த நல்ல தண்ணீர், மிதவை விளிம்பு வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊற்றியதுபோக வாசல் முழுக்க வரிசை வரிசையாகக் குடங்கள் நின்றன. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. நூற்று எண்பத்தாறு. எட்டால் வகுத்தேன். இருபத்து மூன்று தடவை இயந்திரம் ஓடியிருக்கும். ஏழரை வாரம் உயிரோடு இருந்திருப்பான்.

"நேத்து எங்கடா இருந்துச்சு இந்தத் தண்ணி?" என்று கத்திவிட்டேன். "நேத்து ஒருத்தன், ஒரே ஒருத்தன், ரெண்டு குடத்தைத் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா? உசிரோட இருக்கிறவனுக்குக் குடுத்தா கை வெந்துடுமா?"

பறை நின்றது. யாரும் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அங்குராசு மட்டும் மெதுவாகச் சொன்னான், "சும்மா எப்புடிக்கா குடுக்குறது? ஒரு விசேசம் வேணாமா?"

பஞ்சவர்ணம் புருஷன் காலடியில் விழுந்து கிடந்தாள். தலைமுடி அவிழ்ந்து, தொண்டை கட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய்யில்லை, அவளை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அழுதுகொண்டே பக்கத்தில் இருந்த தன் தம்பியின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்டது.

"அண்ணாச்சி எத்தன கொடம்டா? பத்தா? சரியாக் கேட்டுக்க."

அங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்று திரும்பினேன். அப்போது மைக்கைப் பிடித்திருந்தவன் என்னைக் கைகாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கூவியதைவிட இன்னும் பலமாகக் கூவினான்.

"எஞ்சினியர் அமிர்தகௌரி, ரெண்டு கொடம்!"

ஆமாம். நான் கொண்டுபோயிருந்தேன். அறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன் என்றேனே, கிளம்பும்போது கருவிப்பையை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்றுதான் தோன்றியது. வேறு ஒரு யோசனையும் ஓடவில்லை. ஒன்று போதாதே, வில்லாயுதம் எனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று இன்னொன்றையும் எடுத்து, ஆலைப் பையன்கள் யாரையும் கூப்பிடாமல் ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் நானே வைத்துக்கொண்டு போனேன். இரண்டும் தளும்பத் தளும்ப.

பதினாறு முடிந்த மறுநாள் பஞ்சவர்ணம் ஆலைக்கு வந்தாள். வெள்ளைச் சேலையில் பத்து வயது கூடித் தெரிந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், பந்தலில் நான் சொன்ன வார்த்தைக்காக. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதை விடுங்கக்கா என்பதுபோலக் கையை ஆட்டினாள்.

"நீங்க ரெண்டு கொடம் வச்சீக. அதான் எனக்கு ராவும் பகலும் ரோசனையா இருக்கு. ஒங்களுக்கு எப்புடித் திருப்பிச் செய்யுறதுன்னு அவரு கெடந்து தவிச்சாருல்ல."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் பஞ்சவர்ணம்."

"அப்புடிச் சொல்லாதீக. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஒங்களுக்குன்னு ஒரு நாளு வரும்ல. எல்லாருக்கும் வர்ற நாளுதேன். அன்னைக்கு நீர்மாலைக்கு மொதக் கொடம் எங்கூட்டுதுக்கா. மூணு கொடம். நான் போய்ச் சேந்துட்டாலும் பூங்கோத கொண்டாருவா. அவகிட்டச் சொல்லி வச்சிட்டேன். நீங்க அனாதையா ஒண்ணும் போக மாட்டீக."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மேசையைக் குத்தி, உன் புருஷனைக் கொன்றது இதுதானடி என்று கத்தியிருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, எனக்கு இங்கே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றி, நெஞ்சு நிறைந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த நிறைவை நினைத்தால்தான் எனக்கு இப்போது என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் போனபின் தாளை எடுத்தேன். 'இந்த முறை நீடிக்கும்' என்பதில் 'முறை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'குழாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குமேல் சத்தியமாக என்னால் எதுவும் சொல்ல முடியாது. பிறகு மூன்று குடம் வைக்க என் வாசலில் இடம் போதுமா என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.